கம்பவுண்டர் பூனையோடு போன பயணம்

கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டருக்கு இருபது வருஷ சர்வீஸ். நாய்க்கு ஊசி போட வந்தவர்களை எல்லாம் நிறுத்திவைத்து, பிராணிகளோடு பயணம் போவது எப்படி என்று வகுப்பெடுக்காமல் விடமாட்டார். தன் பூனையை மட்டும் ஒருநாளும் வாசல் தாண்டிக் கூட்டிப்போனதில்லை.

மச்சினி வீட்டுக்குக் கார் பிடித்த அன்றுதான் அவருடைய மேதாவிலாசம் முழுசாக வெளிப்பட்டது. பத்து நாளாக ஹாலில் கூண்டைத் திறந்துபோட்டுப் பூனையைப் பழக்கியிருந்தார். புறப்பட நாலு மணி நேரம் இருக்கும்போதே அதன் தட்டைப் பிடுங்கிவிட்டார். வாந்தி வருமாம். பூனை பார்த்துக்கொண்டே இருக்க, ஐயா மட்டும் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். கூண்டைத் துண்டால் மூடி, சீட் பெல்ட்டால் கட்டி, டிரைவருக்கும் பத்து நிமிஷம் உபதேசம்.

மலைப்பாதையின் முதல் வளைவிலேயே உபதேசம் நின்றது. அடுத்த வளைவுக்குள், பூனை வாந்தியெடுத்தால் பிடிக்கவென்று வாங்கிய பைகள் அத்தனையும் அவருக்கே செலவாகிவிட்டன. பூனை நிம்மதியாகத் தூங்கியது.

"தலை சுத்துதுடி" என்று முனகினார்.

மனைவி கூண்டின் மேலிருந்த துண்டை உருவி அவர் தலையில் போர்த்தினாள்.

"வெளிய எதுவும் தெரியலன்னா பயம் போயிடும்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே. சத்தம் போடாம படுங்க. பூனை முழிச்சிடப் போகுது."