கட்டம் காலியாக இருந்தால்

“கடைசிப் பக்கம் வந்ததும் நிறுத்து” என்று அக்கா வாய்விட்டுப் படித்தாள். நிறுத்தினேன், மூச்சையும் சேர்த்து. கன்னம் உப்பி, கண் பிதுங்கி நான் நின்ற கோலத்தைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. “எதை நிறுத்தணும்னு எழுதலை, இல்ல?” என்று முணுமுணுத்தபடி, ‘படிப்பதை’ என்ற சொல்லை முன்னால் சேர்த்தாள்.

என் அக்கா ரெங்கானிஸுக்கு எங்கள் ஊரான பாண்டுங்கில் ஒரு சின்ன கம்பெனியில் எழுத்து வேலை. ஸ்கேன் செய்த காகிதத்தைப் படித்து, அதிலுள்ள பெயர், எண், அட்டவணை எல்லாவற்றையும் பிரித்துக் கொடுக்கும் கருவியை அங்கே செய்கிறார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற வழிகாட்டியை எழுதுவது இவள். படிக்கப்போவது மனிதர்கள் இல்லை, ஏஐ ஏஜென்ட்கள். ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் தாமே செய்து முடிக்கிற மென்பொருள்கள். “மனுஷனுக்குச் சந்தேகம் வந்தா புருவத்தைத் தூக்குவான். இதுங்களுக்குப் புருவமே இல்லடீ” என்பாள். அதனால் ஒவ்வொரு வரியையும் முதலில் என்மேல் ஏவிப் பார்ப்பாள். சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்து மானத்தை வாங்க என்னை விட்டால் ஆள் ஏது? பள்ளிக்கூடத்தில் இதற்காகத்தான் அடிக்கடி வெளியே நிற்கவைத்தார்கள். கடைசியில் வெளியிலேயே இருந்துவிட்டேன்.

பயம் அவளோடு கூடப்பிறந்தது. நான் அதற்கப்புறம்தான். ஹெல்மெட்டை மடியில் வைத்து, அதன் பட்டையைக் கடித்துக்கொண்டுதான் யோசிப்பாள். பட்டை எலி கொறித்ததுபோல் இருக்கும். கடையில் மிளகாய் கூடுதலாகக் கேட்பதற்குக்கூட என்னைத்தான் அனுப்புவாள். காலையில் பைக்கைக் கிளப்பியதும், “கேஸை மூடினியாடீ?” என்பாள். “மூடிட்டேன் தேத்தே” என்பேன்; அக்காவை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் பார்த்திருக்கவே மாட்டேன். அவளும் நம்பவே மாட்டாள். இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். சில நாள் தெருமுனையிலிருந்து திரும்பியும் வருவாள்.

போன வெள்ளிக்கிழமை பகல், அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டாள். திங்கட்கிழமை அந்தக் கருவி மலைப்பக்கக் கிளினிக்குகளுக்குப் போகவேண்டும். மருந்துப் பட்டியலை அது பிரித்துக் கொடுத்தால், யாருக்கு எத்தனை மாத்திரை என்று ஏஜென்ட் சீட்டு அடிக்கும். பட்டியல் எழுதுகிறவர்கள், மேலே உள்ளதே கீழேயும் என்றால் கட்டத்தை எழுதாமல் விட்டுவிடுவார்கள். ஆகவே அக்கா எழுதியிருந்தாள்: ‘கட்டம் காலியாக இருந்தால், மேல் கட்டத்தில் உள்ளதை எடுத்துக்கொள்.’

கருவி பிரித்துத் தந்த அட்டவணையை என் கையில் கொடுத்தாள். பாக் ஓமான் என்ற பெரியவர், எழுபது வயது, மூன்று மாத்திரை. அடுத்தது ஐந்து வயதுப் பையன். கட்டம் காலி.

“இவனுக்கு எத்தனை?”

“மூணு” என்றேன், பாலா-பாலா என்கிற காய்கறி பஜ்ஜியை மென்றபடி.

“மறுபடி சொல்லு.”

“மூணு. நீதானே எழுதின?”

அசல் காகிதத்தைத் தேடி எடுத்தாள். எங்கள் பக்கம் முத்திரை பாதியாவது கையெழுத்தின்மேல் ஏறி உட்கார்ந்தால்தான் காகிதத்துக்கு உயிர். பையனுடையது கடைசி வரி. அதன் அடியில் டாக்டரின் கையெழுத்து. முத்திரை குத்தியவர் கை கொஞ்சம் அதிகமாகவே மேலேறிவிட்டது. ஊதா வட்டத்துக்குள் ஏதோ ஓர் எண்ணின் வால் மட்டும் தெரிந்தது. கட்டம் காலியே இல்லை; முத்திரை மறைத்ததைக் கருவி காலி என்று கொடுத்துவிட்டது. அக்கா காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“உன் தங்கச்சி வாலு, நெங். வேணும்னே சொல்றா. மெஷின் அப்படிப் பண்ணாது, அதுக்கு அறிவு இருக்கு” என்றார் அவள் முதலாளி காங் யாயான், அதாவது யாயான் அண்ணன். இளம்பெண்கள் எல்லாரும் அவருக்கு ‘நெங்’தான்.

“எனக்கு இல்லையா காங்?” என்றேன்.

அக்கா அதே பக்கத்தை ஏஜென்டிடம் கொடுத்தாள். அது என்னைவிட மரியாதையாகப் பதில் சொன்னது: மூன்று மாத்திரை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை.

காங் யாயான் நெற்றியைத் தேய்த்தார். “முத்திரை எது, காலி எதுன்னு கருவிக்குக் கத்துக்கொடுக்க நாளாகும். நான் திங்கக்கிழமைன்னு வாக்குக் கொடுத்துட்டேனே.”

“அந்த வரியை எடுத்துடறேன் காங். காலியா இருந்தா நிரப்பாதே, ஆளைக் கேளுன்னு போடறேன்.”

“பாதிக்குமேல கட்டங்க காலிதான் நெங்! கேட்டுக்கிட்டே கிடக்கும். கிளினிக்காரங்க காறித் துப்புவாங்க.”

“துப்பட்டும்.”

மிளகாய் கேட்கத் தெரியாத வாய். குரல் நடுங்கித்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. காங் யாயான் என் தட்டிலிருந்து ஒரு பாலா-பாலாவை எடுத்துக் கடித்தார். கூடவே பச்சைமிளகாயையும் கடித்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, “எழுதித் தொலை” என்றார்.

புது வரியை வைத்துப் பார்த்தபோது ஏஜென்ட் சொன்னது: ‘இந்தக் கட்டத்தில் உள்ளது தெரியவில்லை. யாராவது காகிதத்தைப் பார்த்துச் சொல்லவும்.’ அதோடு விட்டாளா? சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் வழிகாட்டியை முதல் வரியிலிருந்து பிடித்துக்கொண்டாள். காகிதத்தில் எங்காவது உள்ளங்கையால் மூடிக்கொண்டு, “கீழே என்னடீ இருக்கு?” என்பாள். “தெரியல.” “இங்கே?” “தெரியல, தேத்தே, தெரியல!” என்று கிளியாகக் கத்தினேன். சோறு ஆறிக் கிடந்தது. “இந்த மாதிரி இன்னும் எத்தனை வரி எழுதி வச்சிருக்கேனோ” என்றாள், பட்டையைக் கடித்தபடி. அதற்கு நான் வேடிக்கையாக ஒன்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு, சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

திங்கட்கிழமை காலை. பைக் உறுமிக்கொண்டிருந்தது. நான் பின்னால் ஏறப்போனேன்.

“கேஸை மூடினியாடீ?”

‘மூடிட்டேன்’ நாக்கு நுனிவரை வந்து நின்றது.

“தெரியல தேத்தே.”

திரும்பி என்னைப் பார்த்தாள். பைக் என்ஜினை நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் மாட்டி, பட்டையை இறுக்கிவிட்டு, வீட்டுக்குள் ஓடினாள். தாடையில் பட்ட பட்டை ஈரமாக இருந்தது.