பிரதிவாதி எண் நான்கு கொடுத்த விடுப்பு

ராணுவ டாக்டரின் தொழில், தனக்கு ஒன்றுமில்லை என்று சல்யூட் அடித்துச் சொல்பவனிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. குறுகிய காலப் பணியில் சேர்ந்த நான், மும்பையில் ஒரு ராணுவ மருத்துவமனையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், பணி நீட்டிப்பு இல்லை என்று கடிதம் வரும்வரை. யூனிட் விளையாட்டுப் போட்டியில் அடிபட்ட இடது முழங்காலைப் பார்த்து, மருத்துவ போர்டு உடல்தகுதி இல்லை என்று எழுதிவிட்டது. மாதக் கடைசியில் சீருடையைக் கழற்ற வேண்டும். ராணுவத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டேன். சம்பளம் கொடுக்கும் இடத்தின்மேலேயே வழக்குப் போட்டுவிட்டு, மறுநாள் காலை அங்கேயே போய் குட்மார்னிங் சொன்னவர்களுக்கு என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் முன்னெச்சரிக்கையாகப் படித்து வைக்கலாம்.

வருடாந்திரக் கேள்வி

வருடத்துக்கு ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வருவார். எல்லோரும் வரிசையில் நிற்போம். "ஏதாவது புகார் உண்டா?" என்பார். "இல்லை, சார்!" என்று கூரை அதிர வேண்டும். வேறு பதில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு வருடம் நோயாளிகளையும் கட்டிலோரம் நிற்க வைத்தார்கள். குடல்வால் அறுவை முடிந்த ஹவில்தார் ஒருவர் மற்றவர்களைவிட உரக்கக் கத்தினார். ஒரு தையல் விட்டுப்போயிற்று. திரும்பத் தைக்க உட்கார்ந்தபோது வலிக்கிறதா என்று கேட்டேன். அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"இன்ஸ்பெக்‌ஷன் முடிந்துவிட்டதா, மேடம்? முடிந்திருந்தால் வலிக்கிறது."

மூன்றாம் மாடி

மாட்டுங்காவில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பழைய கட்டடம். கீழே ஓட்டல், மேலே மூன்று மாடிக்கும் சாம்பார் வாசனை. லிஃப்ட் கிடையாது. காபி குடிக்க இறங்கியிருந்த வக்கீலும் நானும் சேர்ந்துதான் படியேறினோம். இரண்டாம் மாடியில் அவருடைய ஃபைலை நான் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் மாடியில் அவரையே பிடித்துக்கொண்டேன். நாற்காலியில் உட்காரவைத்து நாடி பார்த்தேன். மூச்சு அடங்கியதும் அவர் என் கடிதத்தைப் படித்தார்.

"உடல்தகுதி இல்லேன்னு யாரைச் சொல்லியிருக்கா, உங்களையா? அந்த போர்டு டாக்டர்களை ஒரு தடவை இந்தப் படி ஏறி வரச் சொல்லுங்கோ, கேஸே வேண்டாம்!"

தாராவியில் ஆலோசனை

நான் வளர்ந்த தாராவியிலேயேதான் அப்பா இன்னும் இருக்கிறார். லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். வழக்கு என்றதும் சபையில் ஜெபத்துக்குச் சொல்லிவிட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எதிர்வீட்டு எஸ்தர் அத்தை என்னை ஓரமாக இழுத்துப் போனாள். நீட்டிப்பு, போர்டு, தீர்ப்பாயம் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். அத்தை கையிலிருந்த வேதத்தை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"பட்டாளத்துக்காரன் மேலயா கேஸு போட்ட? ஏட்டி, துப்பாக்கி அவனுவ கையிலல்லா இருக்கு!"

சீனியாரிட்டி

விசாரணைக்குப் போக விடுப்பு வேண்டும். விடுப்பு தர வேண்டியவர் மருத்துவமனையின் கமாண்டன்ட். மனுவில் அவர் பிரதிவாதி எண் நான்கு. 'சொந்த வேலை' என்று எழுதி நீட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மனுவின் நகலை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்தார். முதல் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரப்போகிறது என்று நின்றேன். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"போய் வாருங்கள், டாக்டர். ஆனால் இந்த மூன்றாம் பிரதிவாதி எனக்கு இரண்டு பேட்ச் ஜூனியர். உங்கள் வக்கீலிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்."

விசாரணை

அமர்வில் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி, மற்றவர் ஓய்வுபெற்ற ஜெனரல். வக்கீல் நன்றாகவே பேசினார். பணியில் பட்ட காயம், இதே காயத்தோடு நீட்டிப்பு வாங்கியவர்கள் இருக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் மறுத்தார்கள் என்று சொல்லவில்லை என்று வரிசையாக எடுத்து வைத்தார். நானும் நம்பிக்கையோடு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஜெனரல் என்னை நேராகப் பார்த்தார். குரல் அப்படியே ஆய்வு மைதானத்துக் குரல்.

"டாக்டர், உங்களுக்கு ஏதாவது புகார் உண்டா?"

நான் எழுந்ததும் குதிகால்கள் சேர்ந்ததும் எனக்குத் தெரியாது. "இல்லை, சார்!" என்றேன். கூரையில் இருந்த புறா ஒன்று பறந்தது. வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அரசு வக்கீல் சிரித்தபடி எழுந்து, "மனுதாரரே சொல்லிவிட்டார்" என்று ஆரம்பித்தார். என் சீருடை அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஜெனரல் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"சர்வீஸ் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன், வேறு பதில் வந்ததே இல்லை. அதனால்தான் மனுவைப் படிக்கிறேன்."

படித்தார்கள். வழக்கு முடியும்வரை என்னை வெளியே அனுப்பக் கூடாது என்று அன்றே உத்தரவு வந்தது.

வழக்கு இன்னும் முடியவில்லை. சீனியாரிட்டி திருத்தப்பட்டு மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்ட பிரதிவாதியிடம் வாய்தாவுக்கு வாய்தா விடுப்பு வாங்கிக்கொண்டு, புகார் எதுவும் இல்லாமல் நாட்டுக்குச் சேவை செய்துவருகிறேன்.