கட்டில்லாத கிணறும் நீந்தப் போகும் பிள்ளையும்

முரசுமோட்டைப் பக்கம் நான் குடும்பநல உத்தியோகத்தர். அதாவது, பிள்ளை பிறந்த வீடுகளுக்கெல்லாம் போய், கைத்தொலைபேசி சொல்லிக்கொடுத்ததை மறக்கச்செய்யும் வேலை. வீடு வீடாக ஏறித் தொண்டை வறளக் கத்துகிற எவருக்கும் என் பாடு விளங்கும்.

கனடா வீடியோ

சுதன் வயல் செய்கிறவர். அவருடைய முதல் பிள்ளை கவினுக்கு அப்போது இரண்டு மாதம். நிறை பார்க்கத் தராசை எடுப்பதற்குள், கனடாவில் இருக்கும் தமையன் அனுப்பிய வீடியோவை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு பச்சைப் பிள்ளை தண்ணீருக்கடியில் கையையும் காலையும் அடிக்கிறது.

அது நீச்சல் இல்லை, பிறந்த குழந்தைகளிடம் தானாக இருக்கும் ஓர் அசைவு, சில மாதங்களில் போய்விடும், அதை நம்பித் தண்ணீரில் விட்டால் பிள்ளை மூழ்கிவிடும் என்று நிதானமாகத்தான் சொன்னேன். சுதன் மிகக் கவனமாகக் கேட்டார். பிறகு மனைவி யசோவைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப அது போறதுக்கு முதல் வாய்க்காலுக்கை ஒருக்கா விட்டுப் பாப்பம்."

நீலத் தொட்டி

வாய்க்கால் யோசனையைச் சண்டை பிடித்து நிறுத்தினேன். அடுத்து ஒருநாள் போனால், முற்றத்தில் வவுனியாவில் வாங்கிய காற்றடித்த தொட்டி. உள்ளே ஐந்து மாதக் கவின், கழுத்தில் மிதக்கவைக்கும் ஒரு ரப்பர் வளையம். வளையத்தை அப்போதே கழற்றவைத்தேன். பாயில் குப்புறக் கிடத்தி விளையாடவிடுங்கள், கழுத்தும் முதுகும் பலப்பட்டுத் தவழ்வான் என்றேன். "பாயிலை அழுறான் மிஸ், தொட்டியிலை சிரிக்கிறான்" என்றார் யசோ.

எனக்குக் கோபம் ஏறியது வேறொன்றைப் பார்த்து. தொட்டிக்குப் பக்கத்திலேயே கிணறு. சுற்றிக் கட்டு இல்லை. நிலமட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நீச்சல் பழக்க இவ்வளவு பாடுபடுகிறவர்கள் இதற்கு ஒரு கட்டுக் கட்டக்கூடாதா என்று கேட்டேன். சுதன் சிரித்தார்: "அவன் இன்னும் தவழவே இல்லையே, மிஸ்."

எட்டாம் மாதம்

படலையைத் திறக்கிறேன், முற்றத்தில் பெரியவர்கள் ஒருவரும் இல்லை. கிணற்று விளிம்பில் கவின் மட்டும் முழங்காலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவான் என்று சத்தம் போடாமல் ஓடிக் காலைப் பிடித்து இழுத்தேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த யசோ வெளியே வந்து, விறாந்தையில் வெறுமையாகக் கிடந்த பாயைப் பார்த்தார். என் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. பின்வளவில் நின்ற கணவனைக் கூப்பிட்டார்: "இஞ்சருங்கோ, பிள்ளை தவழ்ந்திட்டான்."

இரண்டு வரிக் கல்

அன்று நான் பேசிய பேச்சுக்குப் பலன் இருந்தது. அடுத்த மாதம் கிணற்றைச் சுற்றி இரண்டு வரி சீமெந்துக் கல் நின்றது. இரண்டே வரிதான். மிச்சம் எங்கே என்றேன். "தவழுற பிள்ளைக்கு இது காணும் மிஸ். இப்ப வயலிலை அரிவு வெட்டு. நடக்கத் தொடங்க மிச்சத்தைக் கட்டுவம்" என்றார் சுதன்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கவின் அந்தக் கல்லைப் பிடித்து எழும்பி நின்று மற்றப் பக்கம் குனிந்தான். யசோ பாய்ந்து தூக்கினார். இந்த முறை முகம் மலரவில்லை. சாப்பிடக் கை கழுவப் போன கணவனிடம் மெதுவாகச் சொன்னார்: "போய் சீமெந்து எடுத்துக்கொண்டு வாங்கோ, பிறகு சாப்பிடலாம்."

பிள்ளைகள் அந்தந்த மாதத்துக்கு உரியதை எப்படியோ செய்துவிடுகிறார்கள். தாய் தகப்பனை வளர்த்தெடுக்கத்தான் எங்களுக்கு மூச்சு வாங்குகிறது.