எதையும் எடுக்காத ஆபரேஷன்

கொரோனா அடங்கிய மறு ஆண்டு, மாசி மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. தருமபுரியில் ஒரு மருத்துவமனையில், வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்காக என் அண்ணனை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் அவருக்குப் புற்று. ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. ஆனால் வயிற்றின் உட்புறச் சவ்வில் சாமை அரிசி அளவுப் புள்ளிகளாகச் சிதறியிருந்தால் ஸ்கேனுக்குத் தப்பிவிடலாம். அப்படிப் பரவியிருந்தால் பெரிய ஆபரேஷன் செய்து பயனில்லை. வயிற்றைக் கிழித்த பிறகு அது தெரியவருவதைவிட, முதலில் சிறு துளையிட்டு நேரிலேயே பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். நானும் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, பாப்பிரெட்டிப்பட்டியில் வீட்டாருக்கு விளக்கியிருந்தேன்.

ஆனால் எங்களுக்குப் பழகிய ஆபரேஷன் வேறு. எடுத்ததைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து உறவினருக்குக் காட்டுவார்கள். அண்ணியின் கர்ப்பப்பையை எடுத்தபோது அண்ணனும் நானும் எட்டிப் பார்த்திருக்கிறோம். அண்ணியின் தம்பி தன் பித்தப்பைக் கற்களை டப்பாவில் வாங்கிவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

அன்று ஒரு மணி நேரம் ஆவதற்குள் கதவு திறந்தது. அண்ணன் கண் விழித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போய்விட்டார். அவர் கையில் ஒன்றும் இல்லை. அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுமே கொண்டாந்து காட்டலீங்களே தம்பி. தொறந்து பாத்துட்டு, முடியாதுன்னு மூடிட்டாங்க."

இன்று எடுப்பதாகவே இல்லை, பார்க்க மட்டும்தான் என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். அண்ணியின் தம்பி கேட்கவில்லை.

"உங்க புஸ்தகத்த அப்பறம் பாக்கலாம் மாமா. என் கல்லே டப்பாவுல வந்துச்சு."

ஊரில் இருப்பவர்களை வந்து கடைசியாகப் பார்த்துவிட்டுப் போகச் சொல்ல, அவர் போனை எடுத்துவிட்டார். அதற்குள் டாக்டர் கூப்பிட்டதால் இருவரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் வீடியோவை ஓடவிட்டார். உடம்பின் உள்ளே எல்லாம் இருண்ட சிவப்பாக இருக்குமென்று நினைத்திருந்தேன். திரையில் கொழுப்பு பூசணிப்பூ மஞ்சளில் மின்னியது. கல்லீரலின் ஓரம் மழையில் நனைந்த செம்மண் நிறம். கேமரா அவசரப்படாமல் ஒவ்வொரு மடிப்பாகத் தூக்கிப் பார்த்தது. கடைசியில் உப்புநீர் விட்டு அலசி, அந்த நீரை உறிஞ்சி எடுத்தார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது ஏன் அலச வேண்டும் என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத புற்று அணுக்கள் அந்த நீரில் இருக்கலாம், பரிசோதித்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

அண்ணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தச் சாம மாதிரி இருக்கும்னாங்களே, அது எங்கீங்க சார்?"

"அதத் தேடித்தாம்மா போனோம். கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்ல."

அண்ணி இன்னொரு முறை ஓடவிடச் சொன்னார். அவருடைய தம்பி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. அலசிய நீரிலும் புற்று அணுக்கள் இல்லை. முதலில் கீமோ, பிறகு பெரிய ஆபரேஷன் என்றார்கள். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப எடுத்துருவாங்களா?"

"மருந்து ஏத்தி முடிச்சு, இன்னொரு தடவ ஸ்கேன் பாத்துட்டு எடுப்பாங்கண்ணா."

அண்ணன் அண்ணி பக்கம் திரும்பி, "கஞ்சிய இன்னும் கொஞ்சம் ஊத்து. அதுக்குள்ள ஒடம்பத் தேத்தோணும்" என்றார்.