இருமுறை அச்சான வரி

இந்நிகழ்ச்சிக்கு முன் என் நிலை இன்னதென்று சொல்லிவிடுவது முறை. கல்லூரி நூலகத்தில் முப்பத்தோராண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சுங்குவார்சத்திரத்தில் என் மேசைக்கு வந்த பழைய நூல் எதுவாயினும், அது முதற்பதிப்பா அன்றா என்று நான் சொன்னபின் வேறொருவரைக் கேட்கும் வழக்கம் இல்லை. மொழிபெயர்ப்புச் சிறுகதைத் தொகுதிகளில் அது இன்னும் உறுதி.

அயல்நாட்டுக் கதைத் தொகுதி ஒன்றை மீண்டும் வெளியிட எண்ணிய பதிப்பாளர் ஒருவர், தம்மிடமிருந்த பிரதியை அனுப்பிக் கருத்துக் கேட்டார். உள்ளே ‘முதற் பதிப்பு’ என்றிருந்தது. மொழிபெயர்ப்பாளர் பெயரும் இருந்தது. முதற்பதிப்பே என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பழைய மொழிபெயர்ப்பை எடுத்து அச்சிடும் புதுப் பதிப்பகம் தன் முதல் அச்சையே முதற்பதிப்பென்று போட்டுக்கொள்ளும். பிறருக்கு நான் பலமுறை சொன்ன எச்சரிக்கை இது.

ஒரு வாரம் சென்று, பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. கழுத்து அட்டையைக்கூடக் கழற்றவில்லை. பதிப்பாளரிடம் என் கடிதத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அக்கதைகளை மொழிபெயர்த்தவர் தன் தந்தை என்றாள். அவர் படுத்த படுக்கையாகிவிட்ட பழைய எழுத்தர்.

“ஐயா, நைனா எழுதுனத வேற ஆளு பேருல போட்டுக்கீறாங்க. நீங்க இன்னாத்துக்கு கையெழுத்துப் போட்டீங்க?”

அவள் நீட்டிய பிரதியில் அட்டையும் முன்பக்கங்களும் இல்லை. ஏரி உடைந்த ஆண்டில் வெள்ளம் கொண்டுபோனதாம்.

“முன்பக்கம் இல்லாத நூலை வைத்து எதையும் நிறுவ முடியாதம்மா.”

“மொதப் பக்கம் இல்லன்னா அப்பனும் இல்லியா? நாலாவது கதைல ஒரு வரி ரெண்டு வாட்டி வந்துட்ச்சாம். அச்சுக் கோத்தவன இன்னிக்கு வரிக்கும் திட்டிக்கினு கீறாரு. அதையாச்சும் பாருங்க. அவரு கண்ண மூட்றதுக்குள்ள அவர் பேரு வரணும். ஷிப்ட் முடிச்சு நேரா வர்றேன், என்ன அலைய வுடாதீங்க.”

நூலை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை இரண்டையும் அருகருகே விரித்தேன். அவளது பிரதியின் தாளைத் திருப்பித் தடவினால், ஈய எழுத்து அழுந்திய மேடு விரலில் தட்டியது. பதிப்பாளருடையது வழவழப்பான பிற்கால அச்சு. நாலாவது கதையில் அந்த வரி, இரண்டு பிரதிகளிலும், ஒன்றன்கீழ் ஒன்றாக இருமுறை நின்றது. பழைய நூலைப் பார்த்துப் படியெடுத்தவன் பிழையையும் சேர்த்தே எடுத்திருந்தான். பதிப்பாளருடையது முதற்பதிப்பன்று என்பதில் ஐயத்துக்கு இடமில்லை; அதிலிருந்த பெயரையும் இனி நம்புவதற்கில்லை.

அன்றே எழுதியிருக்கலாம். என் முதற் கடிதம் பிழை என்று தோன்றாதபடி திருத்தக் கடிதத்தை எப்படி அமைப்பது என்று வரைவுகள் எழுதினேன். ‘புதிய சான்று கிடைத்தமையால்’ என்பது ஒன்று. ‘முன்னரே ஐயம் இருந்தது’ என்பது மற்றொன்று. அது பொய்யாதலால் கிழித்தேன். ஆறு நாள் இப்படிக் கழிந்தது. ஏழாம் நாள் பிள்ளைப்பாக்கத்திலிருந்து இறப்புச் செய்தி வந்தது.

புதிய பதிப்பு இப்போது அவர் பெயரில் வந்திருக்கிறது. என் கடிதத்தைப் படிக்கக் கேட்டபின்பே அவர் நிம்மதியாகக் கண்மூடினார் என்று வெளியீட்டு விழாவில் பேசினார்கள். அவர் மகள் மேடையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் சொன்னவாறு நடக்கவில்லை. கடிதம் காரியத்தன்றுதான் அவ்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.