பாக்கராக்கில் திராட்சைக் கொடி கேட்கப் போன கதை

1924 அக்டோபரில் ஜெர்மனிக்குப் போக எனக்குத் துளியும் ஆசை இல்லை. லண்டனில் சட்டப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மலாயாவின் ஈப்போவிலிருந்து அக்காவின் கணவர் சிதம்பரம் மச்சான் கப்பலில் வந்து இறங்கினார். விழுந்த ரப்பர் விலை இனி எழுந்திருக்காதாம். பத்து காஜா என்ற ஊர்ப்பக்கம் அக்காவுக்குச் சீதனமாக வந்த ஆறு ஏக்கர் ரப்பர் காட்டில் திராட்சை போட்டு ஒயின் செய்யப் போகிறாராம். கொடி வாங்க ரைன் நதிக்கரைக்கு நான் துணைக்கு வரவேண்டுமாம்.

கொலோனில் காலை எட்டேகாலுக்கு ரயில் ஏறினோம். பாக்கராக் அங்கிருந்து சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். போருக்குப் பின் அந்தப் பகுதியைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுப் படையினர் வழியில் மூன்று இடத்தில் இறக்கிக் காகிதம் பார்த்தார்கள். மூன்று முறையும் மச்சானின் அனுமதிச் சீட்டு வேறு வேறு பெட்டியில் இருந்தது. போய்ச் சேர மாலை மூன்றரை. விடுதியில் இருவருக்கு இரவுக்கு ஆறு மார்க்.

ஊர் அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். பழைய மதில், மரச்சட்டம் வைத்த கோணல் வீடுகள், கூரையில்லாத சிவப்புக்கல் தேவாலயம். பல நூற்றாண்டுகளாக ரைன் ஒயின் பீப்பாய்கள் இங்கிருந்துதான் படகேறின. மச்சான் எதையும் நின்று பார்க்கவில்லை.

மறுநாள் அன்னா என்ற திராட்சைத் தோட்டக்காரப் பெண்ணைப் பார்த்தோம். போருக்கு முன் இங்கிலாந்தில் வேலை செய்தவர் என்பதால் ஆங்கிலம் பேசினார். அறுவடை நேரம். செங்குத்தான சரிவில் கூடையோடு ஏறிக்கொண்டே கேட்டார்: "உங்கள் ஊரில் குளிர்காலம் எத்தனை மாதம்?"

இல்லவே இல்லை என்றேன். கூடையை இறக்கி வைத்தார். இந்தக் கொடி குளிரில் இலை உதிர்த்துத் தூங்கவேண்டும், தூங்காத கொடி ஒழுங்காகக் காய்க்காது, விற்றால் உங்களை ஏமாற்றியதாகும் என்றார்.

மச்சானுக்கு அதைத் தமிழில் சொன்னேன். ரப்பரே இருக்கட்டும், ஊருக்குக் கிளம்புங்கள் என்றும் சொன்னேன். மச்சான் கல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ரப்பர் மரத்த வெட்டியாச்சு மாப்ள. ஆறு ஏக்கரும். கப்பல் ஏறுறதுக்கு முந்தியே."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"காட்டுப்பக்கம் அவ வரமாட்டாளே."

என் வாயில் வந்ததை இங்கே எழுதமுடியாது. அன்னாவுக்குத் தமிழ் புரியவில்லை, விஷயம் புரிந்தது. ஆள் போதவில்லை என்று இருவர் கையிலும் கத்திரியைக் கொடுத்தார். மாலைவரை குலை அறுத்தோம்.  அன்றே மச்சான் அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதினார்.

அங்கே போகிறவர்கள் ஆணியடித்த பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், சரிவில் தட்டுத்தட்டாகக் கிடக்கும் பலகைக்கல் வழுக்கும். அக்டோபரில் விடுதிக்கு முன்பே எழுதிவிடுங்கள். தொழில் விஷயமாகப் போவதானால் முதலில் ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். எங்கள் கேள்வி ஒரு தபால்தலையில் முடிந்திருக்கும்.

அக்காவின் பதில் வர எட்டு வாரம் ஆனது. அதுவரை மச்சான் லண்டனில் என் அறையில்தான் இருந்தார். அக்கா எனக்குத்தான் எழுதியிருந்தாள்: "ஆறு ஏக்கர்லயும் மரவள்ளி போட்டாச்சு. அவரை அனுப்பிவை, களை பிடுங்க ஆள் வேணும்."