பெரிய ஓட்டலின் விரிப்புகள்

ஒவ்வொரு படுக்கை விரிப்பையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நுரை அக்கா தண்ணீரில் போடுவாள். “இவரு கடல்ல குளிச்சிட்டு அப்படியே ஏறிப் படுத்திருக்காரு” என்பாள். அடுத்ததை எடுத்து, “இந்தம்மா பாவம், தனியா வந்து அழுதிருக்கு. தலையணை உறையப் பாரு” என்பாள். சரியா தப்பா என்று யார் போய்க் கேட்பது?

துறைமுகத்துக்குப் பின்தெருவில், சின்ன விடுதிகளின் துணியை வாங்கித் துவைப்பது அவள் தொழில். முழங்கைவரை எப்போதும் சோப்பு இருப்பதால் தெரு வைத்த பெயர் அது. பயணிகள் கப்பல் வந்துவிட்டால் அவள் வீட்டுக்காரரின் மூன்று சக்கர வண்டி மூட்டைகளோடு மேடேற முடியாமல் திணறும். சோப்புக் கடைக்காரர் தூரத்திலேயே சிரிப்பார். எதிர்வீட்டு இஸ்திரிக்காரி துணைக்குத் தன் தங்கையைக் கூப்பிட்டுக்கொள்வாள். கப்பல் வராவிட்டால் அத்தனை பேரும் ஆளுக்கொரு வாசற்படியில் உட்கார்ந்து கொசு அடிப்பார்கள்.

“எவனோ ஒருத்தன் வந்து தூங்கினாத்தான் நமக்கு விடியுது” என்பாள் அக்கா.

“அப்ப போய்த் தாலாட்டுப் பாடு” என்பார் வீட்டுக்காரர்.

கிழிசலைக் கண்டால் அவளுக்குக் கை நிற்காது. யாரும் கேட்காமலே தைத்துவிடுவாள். அதற்கு விடுதிக்காரர்கள் அவளைக் கொண்டாடுவார்கள்.

போன வருடம் கப்பல்கள் குறைந்தன. அக்காவின் மகள் வெளிநாட்டு ஓட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலைக்கு எழுதிப்போட்டாள். விசாவும் வந்துவிட்டது. “இங்க ஒரு வாளியத் தூக்கச் சொன்னா இடுப்பு வலிக்கும். அங்க போய் மாடி மாடியாத் துடைப்பாளாம்” என்று அக்கா கேலி செய்வாள். பிறகு கொஞ்ச நேரம் கொடிப்பக்கமே திரும்பி நிற்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கடற்கரையில் வெளிநாட்டு முதலீட்டில் ஒரு பெரிய ஓட்டல் எழுந்தது. சலவையை வெளியே கொடுக்கப் போகிறார்கள் என்றதும் அக்கா போய்க் கேட்டாள். சோதனைக்கு ஒரு மூட்டை கொடுத்தார்கள். “இது மட்டும் கெடச்சா நீ எங்கயும் போக வேணாம்டி” என்றாள் மகளிடம். மகள் மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள்.

துவைத்த மூட்டையைப் பார்க்க ஓட்டல் மேற்பார்வையாளர் வீட்டுக்கே வந்தார். விரிப்பு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார்.

“இதை யாரும்மா தைச்சது?”

“நான்தான் தம்பி. தைச்ச எடமே தெரியாது பாருங்க.” அக்காவுக்கு ஒரே பெருமை.

“கிழிஞ்சத நாங்க தூக்கிப் போட்டுருவோம்மா. தைச்சதுல விருந்தாளி படுத்தாருன்னு தெரிஞ்சா, முதலாளி என்னைத் தூக்கிப் போட்டுருவாரு.”

“இவ்வளவு நல்ல துணியையா?”

“அது அவங்க சட்டம். வெளுப்புல குறையே இல்ல. ஆனா கிழிசல்ல கை வைக்க மாட்டேன்னு சொன்னாத்தான் வேலை.”

அக்கா அந்தத் தையலைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினாள். மகள் கதவருகே நின்றிருந்தாள்.

“சரி தம்பி. கிழிஞ்சதத் தனியாக் கட்டி அனுப்புறேன். எங்க தூக்கிப் போடுவீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க, நானே வந்து பொறுக்கிக்கிறேன்.”

அவர் சிரித்துவிட்டார். வேலை உறுதியானது.

மறுநாள் மாடியில் ஓட்டல் விரிப்புகள் காய்ந்தன. சின்ன விடுதிகளின் விரிப்பு இரண்டைச் சேர்த்துப் போட்டாலும் அந்த அகலம் வராது. மகள் ஒரு மூலையில் நின்று, பயண ஏஜென்டிடம் கைப்பேசியில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.  அக்கா ஒரு விரிப்பைக் கொடியிலிருந்து இறக்கி, சேர்ந்து மடிக்க அதன் இரண்டு முனைகளை மகள் பக்கமாக நீட்டியபடி, கை வலிக்க நின்றுகொண்டே இருந்தாள்.